டெக்சஸில் திருமண உரிமம்: 72 மணி நேரமும் ஒரு பெயரும்

எங்கள் திருமணம் ஹூஸ்டனை அடுத்த பேர்லாண்ட் மீனாட்சி கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் 10.30 வரையிலான முகூர்த்தத்தில் நடப்பதாக முடிவாகியிருந்தது. நாங்கள் குடியிருந்ததோ ஹூஸ்டனிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு சிறிய கவுண்டி, அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. டெக்சஸில் உள்ள 254 கவுண்டிகளில் எதில் உரிமம் வாங்கினாலும் மாநிலத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் திருமணம் செய்துகொள்ளலாம் என்பதால், பெருநகரத்து அலுவலகத்துக்குப் போகாமல் எங்கள் கவுண்டியின் தலைநகரிலேயே வாங்கிவிடலாம் என்று எண்ணினோம். அந்த எண்ணம் சரியானதுதான். புறப்பட்ட நாளும், கையில் எடுத்துச் சென்ற ஆவணமும்தான் தவறாகிவிட்டன.

ஊரில் திருமணத்தை முதலில் நடத்திவிட்டு, 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது நமக்குப் பழகிய வழக்கம். இங்கே வரிசை நேர்மாறானது. முதலில் கவுண்டி கிளார்க் என்ற பதிவு அலுவலரிடம் உரிமம் பெற வேண்டும். அதற்குப் பிறகே திருமணம். உரிமம் வழங்கிய நேரத்திலிருந்து 72 மணி நேரம் கழியாமல் திருமணத்தை நடத்தக் கூடாது. 90 நாட்களுக்குள் நடத்தாவிட்டால் உரிமம் காலாவதியாகிவிடும். இந்த 72 மணி நேரத்தை நான் மூன்று நாள் என்றே மனத்தில் வைத்திருந்தேன். சட்டம் மணிக்கணக்கையே பார்க்கிறது. உரிமத்தாளில் தேதியோடு நேரமும் அச்சாகிறது.

அப்பாவும் அம்மாவும் செவ்வாய்க்கிழமை இரவு ஊரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். மறுநாள் வேலை முடிந்து, அவர்களையும் அழைத்துக்கொண்டு நாங்கள் நீதிமன்றக் கட்டடத்தை அடைந்தபோது மணி நாலேகால். சதுக்கத்தின் நடுவே கல்லால் கட்டிய பழைய கட்டடம். அதன் தரைத்தளத்தில் நீளமான மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் மட்டுமே வேலை பார்க்கும் அலுவலகம். நிலப் பத்திரங்களும், மாடுகளுக்குச் சூடு போடும் பண்ணைக் குறிகளின் பதிவேடுகளும், பிறப்பு இறப்புப் பதிவுகளும் இருக்கும் அதே அறையில்தான் திருமண உரிமமும் தருகிறார்கள். கவுண்டி கிளார்க் என்பவர் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவியாளர். அன்று எங்கள் விண்ணப்பத்தை வாங்கியவர் அவருடைய உதவியாளர். வயதில் மூத்த, மிகப் பொறுமையான பெண்மணி.

இருவரும் நேரில் வர வேண்டும், வயதையும் அடையாளத்தையும் காட்டும் ஆவணம் வேண்டும், சமூகப் பாதுகாப்பு எண் இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனை கிடையாது, சாட்சிகளும் தேவையில்லை. இவ்வளவு எளிது என்பதால்தான் நான் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். அங்கேதான் என் பெயர் குறுக்கே வந்தது.

என் இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து ‘கொடுக்கப்பட்ட பெயர்’ என்ற ஒரே வரியில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் எடுத்த கடவுச்சீட்டுகள் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். அமெரிக்க விசாவில் குடும்பப்பெயர் வெறுமையாக இருக்கக் கூடாது என்பதால், அந்த முழு வரியையும் குடும்பப்பெயர் ஆக்கிவிட்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று போட்டுவிடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. விசாவிலிருந்து அந்த மூன்று எழுத்துகள் என் ஓட்டுநர் உரிமத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்மணி அட்டையைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தார். சரிபார்க்கச் சொல்லித் திரையை எங்கள் பக்கம் திருப்பியபோது, மணமகளின் முதற்பெயர் என்ற இடத்தில் அந்த மூன்று எழுத்துகள் நின்றன.

வங்கியிலும் மருத்துவமனையிலும் பல ஆண்டுகளாக அந்தப் பெயரால் அழைக்கப்பட்டு நான் பொறுத்துப் போயிருக்கிறேன். ஆனால் அப்பா எனக்குப் பெயர் வைத்தவர். அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போது, என் திருமணப் பதிவில் என் பெயர் தெரியவில்லை என்று எழுதப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இது எனக்குப் பெயரல்ல, ஒரு சுருக்கக் குறி என்று விளக்கினேன். அந்தப் பெண்மணி முழுவதும் கேட்டுவிட்டு, தான் ஆவணத்தில் உள்ளதைத்தான் பதிய முடியும் என்றும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் ஏற்கத்தக்க ஆவணமே என்பதால் அதைக் கொண்டுவந்தால் அதில் உள்ளபடி எழுதலாம் என்றும் சொன்னார். கடவுச்சீட்டு முப்பத்தைந்து மைல் தள்ளி வீட்டில் இருந்தது. அலுவலகம் மூடுவதற்கு அரைமணி நேரம்கூட இல்லை.

அப்போதுதான் அவர் முகூர்த்த நேரத்தைக் கேட்டார். வியாழக்கிழமை காலை 9 மணிக்குப் பின் உரிமம் கையில் கிடைத்தால், ஞாயிறு 9 மணிக்கு 72 மணி நேரம் நிறைந்திருக்காது என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். காத்திருப்பை நீக்க வழிகள் உண்டு: படையில் பணியாற்றுபவர்களுக்கு அது பொருந்தாது, அரசு ஏற்ற எட்டு மணி நேரத் திருமண வகுப்பை முடித்தவர்களுக்கும் பொருந்தாது, தக்க காரணம் இருந்தால் நீதிபதி எழுத்துமூலம் விலக்கு அளிக்கலாம். மூன்றுமே அன்று மாலை எங்களுக்கு எட்டாதவை. காலை 8 மணிக்குக் கதவு திறக்கும், முதல் ஆளாக வந்து நில்லுங்கள், திரையில் விவரங்களைச் சேமித்து வைக்கிறேன் என்றார். அவர் அப்படிச் செய்திராவிட்டால் முகூர்த்தம் தப்பியிருக்கும் என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

மறுநாள் ஏழரைக்கே வாசலில் நின்றோம். கடவுச்சீட்டின் ஒற்றை வரியை எப்படி இரண்டு கட்டங்களில் பிரிப்பது என்ற கேள்வி எழுந்தது. என் பெயரை முதற்பெயராகவும் அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராகவும் எழுதினால், இடமிருந்து வலமாக வாசிக்கும்போது கடவுச்சீட்டில் உள்ள அதே முழுப்பெயர் அதே வரிசையில், எழுத்து மாறாமல் வரும் என்று சொன்னேன். உள்ளறையிலிருந்து கவுண்டி கிளார்க்கே வந்து பார்த்து, அதில் தவறில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு உறுதிமொழி. வலக்கையை உயர்த்தி, சொன்ன விவரங்கள் உண்மை என்று இருவரும் உறுதி கூற வேண்டும். அதற்கு முன் படிவத்தில் சில கூற்றுகளுக்கு உண்மை, பொய் என்று குறிக்க வேண்டும்: இப்போது வேறு திருமணம் நிலுவையில் இல்லை, கடந்த 30 நாட்களுக்குள் மணமுறிவு பெறவில்லை, நீதிமன்றம் விதித்த குழந்தைப் பராமரிப்புத் தொகையில் பாக்கி இல்லை, தடை செய்யப்பட்ட உறவினர் இல்லை. கடைசிக் கூற்றை அம்மாவுக்குத் தமிழில் சொன்னபோது அவர் மிகவும் வியந்தார். அம்மாவின் தம்பியை மணப்பதும், அத்தை மகனையோ மாமன் மகளையோ மணப்பதும் இங்கே உரிமத்துக்கு உரிய உறவுகள் அல்ல. பெற்றோரின் உடன்பிறந்தவர் பிள்ளைகளை மணப்பதற்கான தடை 2005 முதல் இருக்கிறது. எங்களுக்குள் அப்படி எந்த உறவும் இல்லை. ஆனால் முறைப்பையனை நிச்சயித்துவிட்டு இங்கே வந்து மணமுடிக்க நினைக்கும் குடும்பங்கள் மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதை அறிந்திருக்க வேண்டும்.

கட்டணம் எண்பது டாலரை ஒட்டி வந்தது. கவுண்டிக்குக் கவுண்டி இது சற்று மாறும், அந்த எட்டு மணி நேர வகுப்பை முடித்திருந்தால் அதில் 60 டாலர் குறையும். அச்சான தாளை நான் எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே வாங்கிக்கொண்டேன். வழங்கிய நேரம் 8.31.

ஞாயிறன்று குருக்கள் மணவறையில் அமர்வதற்கு முன் அந்தத் தாளை வாங்கி நேரத்தைப் பார்த்தார். தாலி ஏறியது 9.20 மணிக்கு. சடங்கு முடிந்ததும் அதே தாளின் கீழ்ப்பகுதியில் திருமணம் நடந்த தேதியையும் கவுண்டியையும் நிரப்பிக் கையொப்பமிட்டார். நடத்தி வைத்தவர் அதை 30 நாட்களுக்குள் உரிமம் தந்த கிளார்க்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் பின்னால் விசா விண்ணப்பத்துக்குப் பதிவைத் தேடும்போது அங்கே ஒன்றும் இருக்காது. ஆகவே அவருடைய சம்மதத்தோடு நாங்களே அடுத்த வாரம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

பதிவான மூலத்தாள் சில நாட்களில் அஞ்சலில் வந்தது. சான்றளிக்கப்பட்ட நகல்கள் மூன்று கூடுதலாக வாங்கினோம். அதில் ஒன்றை இந்தியாவில் காட்டுவதற்காக ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பி, 15 டாலர் கட்டணத்தில், ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரை பெற்றோம். அந்த நகல் இப்போது அப்பாவிடம், ஊரில், என் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே கோப்பில் இருக்கிறது. இரண்டிலும் என் பெயர் ஒன்றுதான்.