வலப்பக்கம் திரும்பினால் மட்டும்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் வண்டியை வலப்பக்கம் திருப்பியதும் முன்னாலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். நேராக்கியதும் அடங்கிவிட்டது. மறுபடி திருப்பினேன், மறுபடி வந்தது. இடப்பக்கம் திருப்பினால் ஒன்றுமே இல்லை. பாட்டை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒரு நீள மதில் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும். வலது முன்சக்கரம்தான் என்று காது அடித்துச் சொன்னது.

ஜூன் 4, புதன்

நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்தேன். சத்தமில்லை. அப்படியானால் பவர் ஸ்டீயரிங்கும் ஷாக் அப்சார்பர் மேல்முனையும் தப்பித்தன. முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தபோது ‘டக் டக் டக்’ என்று எண்ணக்கூடிய தட்டல் வருகிறதா என்று கேட்டேன். எஞ்சினின் சுழற்சியைத் திரும்பும் சக்கரத்துக்குக் கடத்தும் மூட்டான சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அப்படித்தான் தட்டும். அதுவும் இல்லை. சக்கரம் சுற்றினால்தான் சத்தம், அவ்வளவுதான் தெரிகிறது.

ஜூன் 7, சனி

வலது முன்சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் பேட் இன்னும் நிறையவே இருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சிலின் ரப்பர் உறை கிழியவில்லை, உள்பக்கம் கிரீஸ் தெறித்த தடமும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், பிரேக் பேட் கவ்விப் பிடிக்கும் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் மெல்லிய தகரத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கல்! டிஸ்க்கில் மெல்லிசாக ஒரு கோடு போட்டிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பி வெளியே எடுத்து, தகரத்தை விரலால் கொஞ்சம் பின்னுக்கு வளைத்துவிட்டேன். இதற்குப் போயா நான்கு நாள் கவலைப்பட்டேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

சிரிப்பு ஒரு நாள் கூடத் தாங்கவில்லை. மெதுவாகத் திரும்பும்போது வந்த உரசல் போய்விட்டது, உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. வேகம் நாற்பதைத் தாண்டி நீண்ட வளைவில் வலப்பக்கம் போனால் அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். வேகம் ஏற ஏற உறுமலும் ஏறுகிறது. கியரை நியூட்ரலுக்கு மாற்றி, ஆக்சிலரேட்டரை விட்டு உருளவிட்டேன். அப்போதும் உறுமல் அப்படியே. எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காலியான சாலையில் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியுமாக மெல்ல அசைத்தேன். வலப்பக்கம் சாய்க்கும்போது கூடுகிறது, இடப்பக்கம் சாய்த்தால் கரைகிறது. சரி, சக்கரம் தடையில்லாமல் சுழல உதவும் பேரிங், வலப்பக்கத்தில் போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

ஜூன் 9, திங்கள்

பேரிங் வாங்குவதற்கு முன் பழக்கமான மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். கேட்டுவிட்டு, “தம்பி, வலப்பக்கம் வளைக்கும்போது வண்டி எந்தப் பக்கம் சாயுது?” என்றார். இடப்பக்கம் என்றேன். “அப்போ சுமை எந்தச் சக்கரத்து மேலே?” என்றார்.

நான் பேசவில்லை. அவரும் அதற்கு மேல் விளக்கவில்லை.

ஜூன் 14, சனி

இடது முன்பக்கத்தை ஜாக்கால் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்தேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், ஆட்டமே இல்லை. பேரிங் கெட்டால் சக்கரம் ஆடும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். உறுமல் முதலில் வரலாம், ஆட்டம் அப்புறம்தான் வரும் என்றார் மெக்கானிக். அவர் சொன்னபடி ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்து, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினேன். ஸ்பிரிங் வழியாக மணலை அரைப்பது போன்ற அதிர்வு விரலுக்கு ஏறியது. வலப்பக்கத்திலும் அதையே செய்தேன். வழவழவென்று சுற்றியது. காதை விட விரல் நம்பகமானது.

ஜூன் 21, சனி

முழு நாளும் இதற்கே போயிற்று. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம்தான் சுற்றும். துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டு, ரெஞ்சின் கைப்பிடியில் நீளக் குழாய் செருகி ஏறி மிதித்ததில் ஒருவழியாகக் கழன்றது. பிரேக் பேடுகளை அழுத்தும் காலிப்பரை அதன் பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தேன். டிஸ்க்கையும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸின் சென்சாரையும் எடுத்து, பேரிங்கைத் தாங்கும் நக்கிளை மொத்தமாகக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். என் வண்டியில் பேரிங் அழுத்தி ஏற்றுகிற வகை, வீட்டில் சுத்தியலால் செய்கிற வேலை அல்ல.

சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதியான ஹப்பை வெளியே தள்ளியதும் பேரிங்கின் உள்வளையம் பாதி அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் ஓடுபாதையில் அம்மைத்தழும்பு மாதிரி குழிகள். இத்தனை நாள் உறுமியது இதுதான்.

புதிய பேரிங்கை வைக்கும் முன் மெக்கானிக் ஒரு குண்டூசியை அதன் இரு முகங்களிலும் காட்டினார். ஒரு முகம் ஊசியை இழுத்தது. காந்த வளையம் இருக்கும் அந்த முகம் சென்சார் பக்கம் இருக்க வேண்டும், மாற்றி ஏற்றினால் ஏ.பி.எஸ். விளக்கு எரியும், திரும்பப் பிரித்தால் புது பேரிங்கும் வீண். ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்தினார். ஹப்பைச் செருகும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். இதில் தவறினால் உருளைகள் வழியாக அழுத்தம் போய், பேரிங் முதல் நாளே தழும்பு வாங்கிவிடும்.

வீட்டில் புதிய ஆக்சில் நட். தம்பி பிரேக்கை மிதித்துப் பிடிக்க, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகுதான் வண்டியைத் தரையில் இறக்கினேன்.

ஜூன் 22, ஞாயிறு

அதே வளைவு, அதே வேகம். உறுமல் இல்லை. ஏ.பி.எஸ். விளக்கும் ஒழுங்காக அணைந்தது. மெதுவாக ஓட்டும்போது மட்டும் இடப்பக்கம் ‘சிர்ர்’ என்று லேசான உரசல். வயிற்றில் ஒரு நிமிடம் புளி கரைந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால், கழற்றும்போது நானே நசுக்கிய தகரம். விரலால் வளைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது புதிதாக ஒரு இரைச்சல் கேட்பதாகத் தம்பியிடம் சொன்னேன். அது டயர் சத்தம், எப்போதும் இருப்பதுதான் என்றான்.