பெயரைக் காட்டு, இலக்கத்தைப் பிடி: கொம்போ பொக்ஸ் கேள்விக்கு நான் தயாரான விதம்

கணினி நிரலாக்கச் செய்முறைப் பரீட்சைக்குப் போகிற தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். "அக்கா, கொம்போ பொக்ஸில் ஒருவரைத் தெரிவு செய்ததும் மற்றப் பெட்டிகள் தானாக நிரம்ப வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வது?" கொம்போ பொக்ஸ் என்பது கிளிக் செய்தால் பட்டியல் விரிந்து, அதில் ஒன்றைத் தெரிவு செய்யவிடும் பெட்டி. நான் பயிற்சிக்கு எடுத்த பழைய வினாத்தாள்களில் இது வேறு வேறு உருவில் வந்துகொண்டே இருந்தது. நூலகம் என்றால் அங்கத்தவர் இலக்கம், கடை என்றால் பொருளின் குறியீடு, அலுவலகம் என்றால் ஊழியர் இலக்கம். உள்ளே இருப்பது ஒரே வேலை. நான் விஷுவல் பேசிக் டொட் நெட் என்ற நிரலாக்க மொழியில் செய்தேன். சீ ஷார்ப் படிப்பவர்களுக்கும் இந்த விஷயங்கள் அப்படியே பொருந்தும்.

மாதிரிப் பரீட்சையில் எனக்கு இந்தக் கேள்வி தவறிப்போனது. கொழுந்து பறிப்பவர்களின் சம்பளப் பதிவுக்கு ஒரு ஃபோர்ம், அதாவது விபரங்களைத் திரையில் காட்டும் படிவம், செய்யச் சொன்னார்கள். பெயர்களை நானே கொம்போ பொக்ஸுக்குள் தட்டச்சு செய்துவிட்டு, இந்தப் பெயர் வந்தால் இந்தப் பிரிவு, அந்தப் பெயர் வந்தால் அந்தப் பிரிவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு இஃப் எழுதினேன். ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் வேலை செய்தது. ஆசிரியர் வந்து தரவுத்தளத்தின் அட்டவணையில் புதிதாக ஒரு நிரை, அதாவது ஒருவரின் விபரம் உள்ள ஒரு வரி, சேர்த்தார். அந்தப் பெயர் என் ஃபோர்மில் வரவேயில்லை. அவர் சேர்த்த பெயரோ ஏற்கெனவே இருந்த ஒரு பெயர், லெட்சுமி. வந்திருந்தாலும் என் இஃப் இரண்டு பேருக்கும் ஒரே விபரத்தைத்தான் காட்டியிருக்கும்.

அன்று நோர்வுட் பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அதே யோசனைதான். இரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் பெயரும் லெட்சுமிதான். "எங்க மலையிலயே மூணு லெட்சுமி இருக்கோம் பிள்ள. கொழுந்து நிறுக்கிற எடத்துல பேரச் சொன்னா யாரு கணக்குல எழுதுவாங்க? நம்பரத்தான் கேப்பாங்க" என்றார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலும், சம்பளக் கணக்கு எழுதும் செக்ரோலிலும் இத்தனை காலமாக நடப்பது அதுதானே. எனக்கு, ஒவ்வொரு நிரையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி என்ற பாடம் உண்மையில் புரிந்தது அந்த இரவில்தான்.

கொம்போ பொக்ஸும் இப்படித்தான். வெளியே ஒன்றைக் காட்டும், உள்ளே வேறொன்றை வைத்திருக்கும். காட்டவேண்டிய நிரலை (அட்டவணையின் நெடுவரிசையை) டிஸ்ப்ளே மெம்பரிலும், வைத்திருக்கவேண்டிய நிரலை வேல்யூ மெம்பரிலும் கொடுக்கிறோம். பெயர் முன்னதில், இலக்கம் பின்னதில். அட்டவணையை டேட்டா சோர்ஸாக (தரவு வரும் இடமாக) கொடுத்தால் பட்டியல் தானாக நிரம்பும். ஆசிரியர் எத்தனை நிரை சேர்த்தாலும் அடுத்தமுறை ஃபோர்மைத் திறக்கும்போது அத்தனையும் இருக்கும். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால், பார்ப்பவருக்கும் குழப்பம் வராதபடி வினவலிலேயே (தரவுத்தளத்திடம் கேட்கும் கட்டளையிலேயே) இலக்கத்தையும் பெயரையும் சேர்த்து ஒரு நிரலாக எடுத்துக் காட்டுங்கள்.

இனி, பரீட்சையில் நேரத்தை விழுங்கும் இடம். இதை ஆறுதலாக வாசியுங்கள்.

பெட்டிகளை நிரப்பும் கோடை, அதாவது கட்டளை வரிகளை, எல்லோரும் செலக்டட் இன்டெக்ஸ் சேஞ்ச்ட் (தெரிவு மாறியது) என்ற நிகழ்வில்தான் எழுதுகிறோம். கொம்போ பொக்ஸை இரட்டைக் கிளிக் செய்தால் அதுதான் வந்து நிற்கிறது. ஆனால் அந்த நிகழ்வு நாம் கையால் தெரிவு செய்யும்போது மட்டும் நடப்பதில்லை. ஃபோர்ம் திறக்கும்போது டேட்டா சோர்ஸைக் கொடுத்த கணத்திலேயே நடந்துவிடும். டேட்டா சோர்ஸை முதல் வரியில் எழுதி, வேல்யூ மெம்பரை அதற்குக் கீழே எழுதியிருந்தால், அந்தக் கணத்தில் கொம்போ பொக்ஸுக்கு எது இலக்கம் என்றே தெரியாது. செலக்டட் வேல்யூ என்று கேட்டால் இலக்கத்துக்குப் பதிலாக முழு நிரையையும் தூக்கிக் கொடுக்கும். டேட்டா ரோ வியூவை (அந்த முழு நிரையை) இன்டிஜராக (முழு எண்ணாக) மாற்றமுடியாது என்று பிழைச்செய்தி வருவது அதனால்தான். பலர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, பிழையே இல்லாத வினவலைத் திருத்தத் தொடங்குகிறார்கள். நானும் ஒருமுறை அதில் முக்கால் மணித்தியாலம் செலவழித்தேன்.

ஆகவே முதலில் டிஸ்ப்ளே மெம்பர், பிறகு வேல்யூ மெம்பர், கடைசியில் டேட்டா சோர்ஸ். இந்த வரிசையைக் கையெழுத்துப் போலப் பழகிக்கொள்ளுங்கள். அப்படி எழுதினாலும் ஃபோர்ம் திறந்தவுடன் முதல் ஆளின் விபரம் பெட்டிகளில் வந்து உட்கார்ந்திருக்கும். வெறுமையாக வேண்டுமென்றால் டேட்டா சோர்ஸுக்குப் பிறகு செலக்டட் இன்டெக்ஸுக்கு, அதாவது தெரிவின் வரிசை எண்ணுக்கு, -1 (எதுவும் தெரிவாகவில்லை) கொடுக்கவேண்டும். ஆனால் அதனாலும் அதே நிகழ்வு நடக்கும், இந்தமுறை செலக்டட் வேல்யூவில் ஒன்றும் இருக்காது. எனவே கோடின் முதல் வரியில் அது நத்திங்கா, அதாவது வெறுமையா, என்று பார்த்து, ஆம் என்றால் வெளியேறிவிடுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி செலக்‌ஷன் சேஞ்ச் கமிட்டட் என்ற நிகழ்வு. அது பயனர் தானே தெரிவு செய்யும்போது மட்டும் நடக்கும். கோடால் மாற்றினால் நடக்காது. புரொப்பர்ட்டீஸ் ஜன்னலில் மின்னல் அடையாளத்தை அழுத்தினால் அந்தப் பட்டியலில் இருக்கும். ஆனால் அதற்குள் கொம்போ பொக்ஸின் டெக்ஸ்ட் பண்பை நம்பாதீர்கள், சிலவேளை பழைய பெயரையே கொடுக்கும். செலக்டட் வேல்யூவைக் கேளுங்கள். இங்கும் அம்மா சொன்னதுதான், பெயரைக் கேட்காமல் நம்பரைக் கேட்கவேண்டும். அப்படியே டிராப் டவுன் ஸ்டைலை டிராப் டவுன் லிஸ்ட் என்று மாற்றிவிட்டால், பட்டியலில் இல்லாத பெயரை யாரும் தட்டச்சு செய்யமுடியாது.

அப்புறம் நிரப்புவது. இலக்கத்தைக் கொண்டு தரவுத்தளத்தில் மறுபடியும் தேடவேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பிழையல்ல. வினாத்தாள் அப்படிக் கேட்டால் இலக்கத்தைப் பராமீட்டராக (தனி மதிப்பாக) கொடுத்துத் தேடுங்கள், வினவல் வாக்கியத்தில் ஒட்டிக் கொடுக்கவேண்டாம். தேடலின் விடையை வாசித்துத் தரும் டேட்டா ரீடரை, வாசித்து முடித்ததும் மூடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது ஆளைத் தெரிவு செய்யும்போது ஏற்கெனவே ஒரு ரீடர் திறந்திருக்கிறது என்று பிழை வரும். ஆனால் முதல் வினவலிலேயே பிரிவு, அடிப்படைச் சம்பளம் எல்லாவற்றையும் எடுத்திருந்தால் இரண்டாவது பயணமே தேவையில்லை. செலக்டட் ஐட்டத்துக்குள் முழு நிரையும் இருக்கிறது. அதை டேட்டா ரோ வியூவாக மாற்றி, நிரலின் பெயரைச் சொல்லி எடுத்து, ஒவ்வொரு டெக்ஸ்ட் பொக்ஸிலும் போடலாம். முன்பு நம்மைப் பயமுறுத்திய அதே டேட்டா ரோ வியூதான் இங்கே கைகொடுக்கிறது.

எடுக்கும்போது கடைசியில், மதிப்பை எழுத்தாக மாற்றும் டூ ஸ்ட்ரிங்கைச் சேர்க்க மறக்கவேண்டாம். யாராவது ஒருவருக்குத் தொலைபேசி இலக்கம் பதியப்படாமல் இருக்கும், டீபீ நல் (தரவுத்தளத்தில் மதிப்பு இல்லை) என்று பிழை வந்து ஃபோர்ம் நின்றுவிடும். டூ ஸ்ட்ரிங் இருந்தால் பெட்டி வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரே ஃபோர்மில் இரண்டு கொம்போ பொக்ஸ் வந்தால் இன்னொரு சிக்கல். கங்காணிக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று வைத்து, இரண்டுக்கும் ஒரே டேட்டா டேபிளைக் கொடுத்தேன். ஒன்றை மாற்றினால் மற்றதும் கூடவே மாறியது. ஒரே அட்டவணையில் இரண்டு பெட்டிகளும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வதால்தான் அப்படி. ஒவ்வொன்றுக்கும், அட்டவணைக்கும் பெட்டிக்கும் நடுவில் நிற்கும் பைண்டிங் சோர்ஸ் ஒன்றைத் தனியாகக் கொடுத்ததும் சரியானது.

பெயர்களைத் தமிழில் பதிபவர்கள் எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தளத்தில் அந்த நிரலை, எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் என்வார்ச்சார் வகை என்று வையுங்கள், வினவலில் நேரடியாக எழுதும்போது மேற்கோளுக்கு முன் பெரிய என் எழுத்தையும் போடுங்கள். வெறும் வார்ச்சாரில் வைத்து அம்மாவின் பெயர் கேள்விக்குறிகளாக வந்ததைப் பார்த்தபோது மனது கஷ்டப்பட்டது. நம் ஆட்களின் பெயர் நம் எழுத்தில் சரியாக வரவேண்டும்.

கணக்குப் பகுதி இலகு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8%, தொழில்தருநரிடம் 12%, நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநரிடம் 3%. காசுக்கு டெசிமல் என்ற எண் வகையைப் பாவியுங்கள், டபிள் என்ற வகை வேண்டாம். நாட்சம்பளத்தைக் கோடுக்குள் எழுதாமல் அட்டவணையில் வையுங்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021-இல் 1000 ரூபாயாக இருந்தது, 2024-இல் 1350 ஆனது. கோடுக்குள் எழுதியவர்கள் எல்லா ஃபோர்மையும் திறந்து திருத்தவேண்டியிருக்கும்.

வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எனக்கும் இருக்கவில்லை. ஹட்டனில் வகுப்பு நடக்கும் நாளில் மட்டும்தான் தொடக் கிடைக்கும். நான் சீஆர் கொப்பியில் இடது பக்கம் ஐந்து நிரை உள்ள அட்டவணை ஒன்றை வரைவேன், வலது பக்கம் கோடை எழுதுவேன். பிறகு விரலை ஒவ்வொரு வரியாக வைத்து, இப்போது செலக்டட் இன்டெக்ஸ் என்ன, செலக்டட் வேல்யூ என்ன, பெட்டியில் என்ன இருக்கும் என்று பென்சிலால் எழுதுவேன். நிகழ்வு எத்தனை தடவை நடக்கிறது என்பதையும் குறிப்பேன். வகுப்புக்குப் போனதும் அதை அப்படியே தட்டச்சு செய்து, நான் எழுதியதும் திரையில் வந்ததும் எங்கே வேறுபடுகிறது என்று மட்டும் பார்ப்பேன். ஃபோர்ம் திறக்கும்போதே நிகழ்வு நடக்கிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

இறுதிப் பரீட்சையில் மூன்று மணித்தியாலம் தந்தார்கள். அட்டவணையைச் செய்து, வேண்டுமென்றே ஒரே பெயரில் இரண்டு பேரையும், தொலைபேசி இலக்கம் இல்லாத ஒருவரையும் சேர்த்துக்கொண்டேன். பட்டியல் நிரம்புகிறதா என்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் பெட்டிகளுக்குப் போனேன். நிறம், எழுத்து அளவு எதையும் அதுவரை தொடவில்லை. பரீட்சகர் என் மேசைக்கு வந்து, அட்டவணையைத் திறந்து ஒரு புதிய நிரை சேர்த்து, ஃபோர்மை மூடித் திறந்தார். பெயர் வந்தது. தெரிவு செய்தார், பெட்டிகள் நிரம்பின. தாளில் குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.