ரோமானியர் இருக்கிறார்கள், வரலாற்றாசிரியர் எங்கே?

எம்.ஏ. வரலாறு இரண்டாம் செமஸ்டரில் வரலாற்று வரைவியல் தாள், அதாவது வரலாற்றை யார், எப்படி எழுதினார்கள் என்று படிக்கும் தாள். இன்டர்னலில் 15 மதிப்பெண் கேள்வி: கிளாடியேட்டர்கள் (பண்டைய ரோமில் மக்கள் பார்க்க ஆயுதத்தோடு மோதியவர்கள்) பற்றிய நவீன வரலாற்றாசிரியர்களின் பார்வை நாகரிகம் என்ற கருத்தை எப்படி வடிவமைத்தது? எனக்கு ஒரே குஷி. கி.மு. 264இல் ஓர் ஈமச்சடங்கில் மூன்று ஜோடிகள் மோதியதில் ஆரம்பித்து, கி.பி. 80இல் ரோமின் பெரிய அரங்கமான கொலோசியம் திறந்தது வரை மூன்று பக்கம் எழுதித் தள்ளினேன். கிடைத்தது 5. இந்தக் கட்டுரையின் தலைப்பு, விடைத்தாள் ஓரத்தில் ஆசிரியர் எழுதிய வரிதான்.

அப்புறம்தான் கேள்வியையே சரியாகப் படித்தேன். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டேன்: யார், எந்த ஆண்டு, அப்போது அவரைச் சுற்றி என்ன நடந்தது, என்ன சொன்னார்.

மைக்கேல் கிராண்ட் 1967இல் கிளாடியேட்டர் ஆட்டங்களை நாஜிக் கொடுமையோடு ஒரே வரிசையில் வைத்தார். உலகப் போர் முடிந்து 22 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன என்பதைச் சேர்த்து எழுதினால் விடைக்கே எடை கூடும். 1983இல் கீத் ஹாப்கின்ஸ் வேறு விதமாகப் பார்த்தார். போரிலேயே வளர்ந்த சமூகம், அமைதி வந்த பிறகும் போர்க்களத்தை நகருக்குள் நடித்துக் காட்டியது என்றார். பேரரசரும் மக்களும் நேருக்கு நேர் சந்தித்த இடமும் அரங்கம்தான் என்றார். கொடூரம் நாகரிகத்துக்கு வெளியே இல்லை, அதன் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று நான் அதை எழுதிக்கொண்டேன்.

என்னைக் கேட்டால், அதிகம் எழுத வேண்டியது பிரெஞ்சு அறிஞர் லூயி ராபர் பற்றித்தான். பண்பட்ட கிரேக்கர்கள் இந்த ரத்த விளையாட்டைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்று அவருக்கு முந்தைய அறிஞர்கள் பலர் நம்பினார்கள். கிரேக்கத்தை ஐரோப்பாவின் தாய்வீடாக நினைத்தவர்களுக்கு அப்படித்தானே தோன்றும்? ராபர் கிரேக்கக் கிழக்கிலிருந்து (ரோமப் பேரரசில் கிரேக்கம் பேசிய கிழக்குப் பகுதி) கல்வெட்டுகளையும் புடைப்புச் சிற்பங்களையும் திரட்டி 1940இல் வெளியிட்டார். ஊர் ஊராகக் கிளாடியேட்டர்கள்! 1993இல், இன்றைய துருக்கியில் உள்ள பழைய கிரேக்க நகரமான எபேசஸில் அவர்களுடைய இடுகாடே கிடைத்தது. சான்று இல்லாத இடத்தை எந்த ஆசை நிரப்பியிருந்தது என்று இந்த ஒரு பத்தியிலேயே காட்டிவிடலாம்.

விடையில் மாட்டிக்கொள்ளக்கூடிய சில பொறிகள். "சாகப்போகிறவர்கள் வணங்குகிறோம்" என்பதை கிளாடியேட்டர்களின் வழக்கமான வணக்கமாக எழுதாதீர்கள். கி.பி. 52இல் இத்தாலியின் ஃபுசினோ ஏரியில் நடந்த போலிக் கடற்போரில் தண்டனைக் கைதிகள் சொன்னதாகத்தான் அது பதிவாகியிருக்கிறது. கட்டைவிரலைக் கீழே காட்டும் காட்சியைப் பரப்பியது பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் 1872இல் வரைந்த ஓவியம். லத்தீன் தொடரில் விரல் திரும்பியது என்று மட்டுமே இருக்கிறது, எந்தப் பக்கம் என்று இல்லை. எல்லோரும் செத்தார்கள் என்றும் எழுத வேண்டாம். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜார்ஜ் வில் கணக்குப்படி, முதலாம் நூற்றாண்டில் 100 மோதலுக்கு ஏறத்தாழ 19 சாவு.

செமஸ்டரில் கிளாடியேட்டர் வரவேயில்லை, 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வரலாற்றாசிரியர் ராங்கேதான் வந்தார். அதே நான்கு கட்டத்தை அவருக்கும் போட்டேன்.