கேட்டுக்கு வெளியே ஓடும் கடிகாரம்

அப்பா டேங்கர் லாரி ஓட்டினார். 12 கிலோ லிட்டர் வண்டி, மூன்று சேம்பர், ஒவ்வொன்றிலும் 4,000 லிட்டர். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு டெர்மினலில், அதாவது எண்ணெய் கம்பெனியின் பெட்ரோல் கிடங்கில், லோடு ஏற்றி ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பங்க்குகளில் இறக்குவார். லோடு கிடைப்பது மறுநாள் காலையில்தான் என்றாலும் ராத்திரி பத்து மணிக்கே சாப்பாட்டுக் கேரியரோடு வீட்டிலிருந்து கிளம்பிவிடுவார். விடிந்து போனால் வரிசையில் நாற்பதாவது ஆளாக நிற்க வேண்டும். ரோட்டோரம் வண்டிக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். "ஓட்டுறது என்ன அம்மிணி பெரிய வேலை, நிக்கிறதுதான் வேலை" என்று அடிக்கடி சொல்வார்.

நான் இப்போது அந்த மாதிரி டெர்மினல்களில் ஆட்டோமேஷன் வேலை பார்க்கிறேன். மீட்டர், வால்வு, சென்சார், கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேச வைப்பது என் தொழில். பதினோரு வருடம் ஆகிறது. என்ன வேலை செய்கிறேன் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் சுருக்கமாகச் சொல்லத் தெரிவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்.

முதன்முதலில் என்னை அனுப்பிய டெர்மினலில் பழைய முறைதான். வேலையைத் தொடங்கும் முன் மூன்று நாள் கேட்டிலும் பில்லிங் ரூமிலும், வண்டியை நிறுத்தி லோடு ஏற்றும் இடமான லோடிங் பேயிலும் மாறிமாறி உட்கார்ந்தேன். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. கைக்கடிகாரமும் ஒரு நோட்டும்தான். ஒவ்வொரு வண்டிக்கும் எங்கே எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதினேன்.

ஏற்றும் நேரம் ஒன்றுமே இல்லை. ஒரு குழாயில் நிமிடத்துக்குச் சுமார் 2,000 லிட்டர் வரும். மெதுவாக ஆரம்பித்து மெதுவாக முடிப்பதையும் சேர்த்தால் 4,000 லிட்டர் சேம்பருக்கு மூன்று நிமிடம். மூன்று சேம்பரையும் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். மீதி நேரமெல்லாம் எங்கே போகிறது? கேட்டில் சேம்பர் அளவைச் சான்று சொல்லும் காலிபிரேஷன் சர்டிபிகேட், லைசென்ஸ், ஃபிட்னஸ் எல்லாம் ஒவ்வொரு தடவையும் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். பில்லிங் ரூமில் எதை எவ்வளவு ஏற்றலாம் என்ற சீட்டு, ஃபேன் ஸ்லிப், வாங்க ஒரு வரிசை. எந்த பே காலி என்று யாரோ நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். ஏற்றி முடித்தபின் டிப் ராடு என்ற அளவுகோலை விட்டுச் சரிபார்ப்பு, சீல் வைப்பு, மறுபடியும் பில்லிங் ரூம். கால் மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளே சுற்றின வண்டிகள்.

டெர்மினலை வேகமாக்குவது என்றால் பெரிய பம்பு போடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த நோட்டு அதை மாற்றிவிட்டது.

நாங்கள் போட்ட முறையில் டிரைவருக்கு ஒரு கார்டு உண்டு. கேட்டில் அதைக் காட்டியதும் வண்டியின் சர்டிபிகேட் தேதிகளைக் கம்ப்யூட்டரே பார்த்துவிடும். காலாவதி ஆகியிருந்தால் கேட் திறக்காது. பங்க்காரர் கேட்ட சரக்கின் விவரமான இன்டென்ட் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருப்பதால் எந்த பே, எந்தச் சேம்பரில் எந்தச் சரக்கு என்று அங்கேயே சீட்டு வந்துவிடும். பேயில் பேட்ச் கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. கார்டைக் காட்டினால் அந்த வண்டிக்கு உரிய அளவை அது தானே எடுத்துக்கொள்ளும். டிரைவரோ ஆபரேட்டரோ எண்ணைத் தட்ட வேண்டியதில்லை. தட்டினால்தானே தப்பு வரும்.

இந்தப் பெட்டி எனக்கு மிகவும் பிடித்த கருவி. வண்டியைத் தரையோடு இணைக்கும் எர்த் கிளாம்ப் சரியாக மாட்டாவிட்டால் அது வால்வைத் திறக்காது. பெட்ரோல் குழாயில் ஓடும்போதே நிலைமின்சாரம் சேரும். டேங்கருக்குள் ஒரு சிறு பொறி போதும். அதனால் குழாயின் வாய் பெட்ரோலுக்குள் மூழ்கும் வரை ஓட்டம் நொடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. 100 மில்லிமீட்டர் குழாயில் அது நிமிடத்துக்குச் சுமார் 470 லிட்டர். மூழ்கியபின்தான் வேகம் கூடலாம். முடியும்போது மறுபடி குறைத்து, லிட்டர் பிசகாமல் நிறுத்தும். அப்பா காலத்தில் கிளீனர் பையன் டேங்கர் மேலே ஏறி மேன்ஹோலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆவி முகத்தில் அடிக்கும். அளவு வந்ததும் கையைக் காட்டுவான், கீழே ஒருவர் வால்வைச் சுற்றி மூடுவார். கையைக் காட்டுவதற்கும் மூடுவதற்கும் நடுவே வழிந்த பெட்ரோல் எத்தனை என்று யாரும் கணக்கு வைத்ததில்லை.

அப்பாவுக்கு இதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. மதியம் மூன்று மணி வெயிலில் லோடு ஏற்றி, விடியற்காலை ஊட்டியில் இறக்கினால் டிப்பில் குறையும். பங்க்காரர் குறை என்று எழுதுவார். லாரி முதலாளி பேட்டாவில் பிடிப்பார். வழியில் இறக்கி விற்றுவிட்டதாகச் சந்தேகப்படுவார்கள். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சுருங்கும். 12,000 லிட்டர் 5 டிகிரி குளிர்ந்தால் சுமார் 70 லிட்டர் குறைந்து தெரியும். திருட்டே இல்லாமல் குறையும் பெட்ரோல் அது. இன்று ஏற்றும்போதே அடர்த்தியும் வெப்பநிலையும் பதிவாகி, 15 டிகிரிக்குத் திருத்திய கணக்கு பில்லோடு போகிறது. இறக்கும் இடத்தில் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் போட்டு ஒப்பிட்டால் சண்டைக்கு இடமில்லை. அப்பாவிடம் இதை ஒரு நாள் பேப்பரில் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத அப்பவே யாராச்சும் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

டேங்க் பக்கம் வேலை வேறு மாதிரி. 30 மீட்டர் விட்டமுள்ள டேங்கில் 1 மில்லிமீட்டர் என்பது சுமார் 700 லிட்டர். முன்பெல்லாம் படி ஏறி, பித்தளைக் குண்டு கட்டிய டேப்பை இறக்கி, பேஸ்ட் தடவிய இடத்தில் நிறம் மாறிய கோட்டைப் படிப்பார்கள். மழையிலும் ஏற வேண்டும், நள்ளிரவிலும் ஏற வேண்டும். இப்போது உச்சியிலிருந்து அலை அனுப்பி மட்டத்தை அளக்கும் ரேடார் கேஜ் இருக்கிறது. அளவு நொடிக்கு நொடி கன்ட்ரோல் ரூமுக்கு வரும். ஆனாலும் கை டிப்பை விட முடியாது, விடவும் கூடாது.

ஒரு டேங்கில் ரேடாருக்கும் கை டிப்புக்கும் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. கிட்டத்தட்ட 2,800 லிட்டர். டேங்க் பாதிக்குக் கீழே இருந்தால் இரண்டும் ஒத்துப்போகும், நிறைந்தால் ரேடார் கூடுதலாகக் காட்டும். இரண்டு நாள் கேஜைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். பிடிபடவில்லை. முப்பது வருடமாக டிப் எடுக்கும் ஒரு பெரியவர்தான் சொன்னார்: "நெறஞ்ச டேங்கு வயிறு தள்ளுமுங்க மேடம். வயிறு வெளிய வந்தா தலை கீழ எறங்குமில்லீங்களா?" அதேதான். பாரத்தில் டேங்கின் சுவர் வெளியே புடைக்கிறது, உச்சி மில்லிமீட்டர் கணக்கில் இறங்குகிறது, அதோடு ரேடாரும் இறங்குகிறது. கீழே இறங்கிய ரேடாருக்குப் பெட்ரோல் பக்கத்தில் வந்த மாதிரித் தெரிகிறது. அவர் டேப்பில் உச்சியிலிருந்து அடிவரை உள்ள ரெஃபரன்ஸ் உயரத்தை ஒவ்வொரு தடவையும் படித்ததால் அவருக்கு அது வருடக்கணக்காகத் தெரியும். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவருடைய பழைய டிப் புத்தகத்தை வைத்துத்தான் திருத்தம் போட்டோம்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பது வந்தபின் இந்த வேலைக்கு அவசியம் இன்னும் கூடிவிட்டது. 2022 ஜூனில் நாடு 10 சதவீதக் கலப்பை எட்டியது, பிறகு 20 சதவீதத்தை நோக்கிப் போனது. 4,000 லிட்டர் சேம்பரில் 800 லிட்டர் எத்தனால். தனி மீட்டர் வழியாக வரும் எத்தனாலைப் பெட்ரோல் ஓட்டத்தோடு அதே விகிதத்தில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பெட்ரோலின் வேகம் குறைந்தால் எத்தனாலும் உடனே குறைய வேண்டும். கையால் செய்தால் ஒரு வண்டியைப் போல் மறுவண்டி இருக்காது. எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுள்ளது. தண்ணீர் சேர்ந்துவிட்டால் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து பங்க்கின் டேங்க் அடியில் தங்கிவிடும்.

சரி, இனி என்னைத் தூங்கவிடாத விஷயம்.

2009 அக்டோபர் 29, ஜெய்ப்பூர் அருகே சீதாபுரா டெர்மினல். ஒரு வால்விலிருந்து பெட்ரோல் பீறிட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தடுப்பாரின்றி வெளியேறியது. ஆவி மேகம் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். பக்கத்தில் யாரும் போக முடியாத அந்த வால்வைத் தூரத்திலிருந்து மூடும் வசதி அன்று வேலை செய்யவில்லை. விபத்தை விசாரித்த எம்.பி. லால் குழு அறிக்கைக்குப் பிறகுதான் நம் டெர்மினல்களில் தூரத்திலிருந்து மூடும் வால்வுகளும் ஆவியை மோப்பம் பிடிக்கும் சென்சார்களும் கட்டாயமாக வரத் தொடங்கின. அதற்கு நான்கு வருடம் முன்பு, 2005 டிசம்பர் 11, இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு. டேங்கின் அளவுமானி ஒரே எண்ணில் சிக்கி நின்றுவிட்டது. பைப்லைனில் பெட்ரோல் வந்துகொண்டே இருந்தது. கடைசித் தடுப்பாக இருந்த உயர்மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. டேங்க் நிரம்பி வழிந்து, ஆவி மேகம் வெடித்தது. அந்தச் சுவிட்சின் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்துவைக்க வேண்டிய சின்னப் பூட்டு மாட்டப்படவில்லை.

அந்தப் பூட்டு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். எங்கள் இடம் ஒன்றில், பெயர் வேண்டாம், மாதாந்திரப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாம்ப் சரியாக மாட்டியிருக்கிறது என்று சொல்லும் எர்த் சிக்னல் எல்லா பேயிலும் தினம் நாலைந்து தடவை விழுகிறது, அதாவது அறுகிறது. துருப்பிடித்த இடத்தில் மாட்டினால் விழும், பெயின்ட் மேல் மாட்டினால் விழும், அது இயல்பு. ஒரே ஒரு பேயில் மட்டும் நான்கு மாதமாக ஒரு தடவைகூட விழவில்லை. சப்ளையை நிறுத்திவிட்டு ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே விரல் நீள ஒயர் துண்டு, இரண்டு இணைப்பு முனையையும் சேர்த்து. கிளாம்ப் மாட்டாவிட்டாலும் மாட்டியதாகவே பெட்டிக்குத் தெரியும். கிளாம்பின் ஸ்பிரிங் தளர்ந்து, நடு லோடில் சிக்னல் அறுந்து அறுந்து லோடு நின்றிருக்கிறது. பின்னால் வரிசை, மேலே இருந்து போன், யாரோ அவசரத்துக்குப் போட்ட ஒயர். புது கிளாம்ப் சில ஆயிரம் ரூபாய்தான். நான்கு மாதம் எத்தனை வண்டிகள் அப்படிப் போயின என்று கணக்குப் பார்த்தேன். அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. இப்போது எந்த இடத்துக்குப் போனாலும், ஒரு பேயில் ஒரு வாரம் எர்த் சிக்னல் விழாவிட்டால் அதையே கோளாறாகக் காட்டும்படி எழுதிவைக்கிறேன்.

அப்புறம் முதல் டெர்மினல் கதை. எல்லாம் ஓட ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து வீட்டுக்குப் போனேன். "உள்ள போயி வெளிய வர மூணு மணி நேரம் ஆனது இப்ப ஒரு மணி நேரம்தான்ப்பா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் கேட்டார்: "கேட்டுக்கு வெளிய எவ்வளவு நேரம் நிக்கிறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. கேட்டில் கார்டு காட்டும் நொடியில்தான் எங்கள் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. அதற்கு முன் ரோட்டில் கழியும் ராத்திரி எந்த அறிக்கையிலும் இல்லை. உள்ளே விடாமல் வெளியே நிறுத்தினால் உள்ளே நேரம் குறையத்தானே செய்யும்.

திரும்பிப் போய் பார்க்கிங் யார்டு வாசலிலேயே ஒரு கார்டு ரீடர் வைக்க அனுமதி கேட்டேன். கிடைக்க எட்டு மாதம் ஆனது. முதல் மாத அறிக்கையில் ஒரு மணி நேரம் ஏழு மணி நேரமாகிவிட்டது. "நம்ம டெர்மினல் மோசமாயிடுச்சான்னு மேல கேப்பாங்களே மேடம்" என்றார் அங்கிருந்த அதிகாரி. கேட்டார்கள்தான். ஆனால் அந்தப் பதிவைப் பார்த்தபின்தான் எல்லாருக்கும் புரிந்தது: பாதிக்கு மேல் வண்டிகள் காலை ஆறு மணிக்கு முன்பே வந்து குவிகின்றன, மதியம் இரண்டு மணிக்கு பேக்கள் காலியாகக் கிடக்கின்றன. யாருக்கும் தன் முறை எப்போது என்று தெரியாததால் எல்லாரும் முதலில் வர நினைக்கிறார்கள். இன்டென்ட்டை நேரம் பிரித்து, முந்தின நாள் மாலையே டிரைவருக்கு மெசேஜ் போகும்படி செய்தோம். இரண்டு மணி என்று சொன்னால் இரண்டு மணிக்கு நிச்சயம் எடுக்க வேண்டும் என்பதில் அந்த அதிகாரிதான் பிடிவாதமாக நின்றார். இரண்டு தடவை தவறினால் மறுபடி ராத்திரியே வர ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏழு மணி நேரம் இப்போது இரண்டரைக்கு வந்திருக்கிறது.

யார்டில் ஒரு டிஸ்ப்ளே போர்டும் வைத்தோம். வண்டி எண், பே எண், கூப்பிடும் நேரம். போன வாரம் ஒரு டிரைவர் அண்ணன் வந்து, "டீக்கடையிலிருந்து பார்த்தா நம்பர் தெரிய மாட்டேங்குதுங்க மேடம், நடுவுல மரம் மறைக்குது" என்றார். மரத்தை வெட்ட நான் விடவில்லை, அந்த நிழலில்தான் எல்லாரும் உட்காருகிறார்கள். போர்டை ஆறடி தள்ளி, இன்னும் உயரத்தில் வைக்கப் புதன்கிழமை ஆள் வருகிறார்கள்.