புலியின் வலது பாதி

பேங்க் லாக்கரில் அந்த அம்மா தன் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு நகர்ந்து நின்றார். அப்புறம்தான் என் சாவி வேலை செய்தது.

சட்டென்று சீனத்து வெண்கலப் புலி ஞாபகம் வந்தது.

உள்ளங்கையில் அடங்கிவிடும் புலி. தலையிலிருந்து வால்வரை இரண்டாகப் பிளந்திருக்கும். வலது பாதி அரசனிடம், இடது பாதி தூரத்தில் இருக்கும் தளபதியிடம்.

பழைய சீனத்தின் சின் நாட்டுப் புலி ஒன்றின் உடம்பில் விதியையே தங்க எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். 50 பேருக்கு மேல் படை நகர வேண்டுமானால் இரண்டு பாதியும் பொருந்த வேண்டும். அபாயத் தீ மூட்டப்பட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம். என்ன முன்யோசனை பாருங்கள்!

பின்னால் வந்த ஹான் பேரரசும் இதே புலியைத்தான் வைத்துக்கொண்டது.

ரோமில் இப்படி ஒரு பூட்டு இல்லை. யார் கை தாராளமோ, பெரும்பாலும் அவர் பக்கம் படை. கி.பி. 193இல் மெய்க்காவல் படையே பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்றுவிட்டு அரியணையை ஏலம் விட்டது. ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) தருவதாகச் சொல்லி எடுத்தவர் டிடியஸ் ஜூலியானஸ். 66 நாள்தான் தாங்கினார். அதற்குள் டான்யூப் நதிப் பக்கமிருந்து செவெரஸ் என்ற தளபதி படையோடு வந்துவிட்டார்.

சரி, சீனா ஜெயித்தது என்று நினைக்க வேண்டாம். வருடக்கணக்காகக் கூடவே சாப்பிட்டு, கூடவே சண்டை போட்டவன் புலியையா பார்ப்பான், தளபதி முகத்தையா?

189இல் டோங் ஜுவோ என்ற எல்லைத் தளபதியிடம் படையை ஒப்படைக்கச் சொன்னது ஹான் அரசவை. வீரர்கள் என்னைப் போகவிட மறுக்கிறார்கள் என்று பதில் அனுப்பினார். பிறகு தன் ஆட்களோடு தலைநகர் லுவோயாங்குக்குள் நுழைந்து, பேரரசரையே மாற்றினார்.

புதுப் பேரரசருக்கு வயது 8.