ஸி இருக்கும் பக்கம் ரே வராது

தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போகும் வரைவுகளைத் திருத்துகிறவர்கள் அதிகம் சிவப்பு மை செலவழிப்பது கோந்திசியோனெலில்தான், அதாவது ‘இப்படி இருந்தால் அப்படி நடக்கும்’ என்பதில் விளைவைச் சொல்லும் வினைவடிவத்தில்தான். வடிவம் எளிது: எதிர்கால வினையடியில் அம்பர்ஃபே எனும் தொடர் இறந்தகாலத்தின் விகுதிகளை ஒட்ட வேண்டும். அவுவாருக்கு (உடைமை) ஓர், எத்ருக்கு (இருத்தல்) ஸெர், அலேவுக்கு (போதல்) இர் என்று எதிர்காலத்துக்கு மனப்பாடம் செய்த அடிகளே இங்கும் போதும். விகுதிக்கு முன்னால் ஆர் எழுத்து இல்லையென்றால் அது வெறும் அம்பர்ஃபே. அவசரத்தில் நழுவுவது அந்த ஆர்தான்.

‘நான்’ வரும் இடத்தில் இன்னொரு கண்ணி. எதிர்காலத்துக்கும் இதற்கும் எழுத்தில் வேறுபாடு கடைசி எஸ் ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர்கள் பலரது வாயில் இரண்டும் ஒன்றே. ‘அனுப்புகிறேன்’ என்று வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் அந்த எஸ் சேர்ந்துவிட்டால், வாக்குறுதி ‘அனுப்பலாம்தான், ஆனால்...’ என்று இழுக்கும். சந்தேகம் வந்தால் நானை நாமாக மாற்றிச் சொல்லிப் பார்க்கலாம். ‘ரோன்’ என்று முடிந்தால் எதிர்காலம், ‘ரியோன்’ என்றால் கோந்திசியோனெல்.

உண்மையான சிக்கல் நம் ‘ஆல்’ விகுதியில் இருக்கிறது. தமிழ் நிபந்தனையை ‘இருந்தால்’ என்ற பக்கத்தில் ஏற்றுகிறது. பிரெஞ்சு அதை விளைவின் பக்கத்தில் ஏற்றுகிறது. அதனால்தான் ‘ஆல்’ பொருளைத் தரும் ஸி என்ற சொல்லுக்குப் பின்னாலேயே கோந்திசியோனெலைப் போடக் கை துறுதுறுக்கிறது. ஸிக்கு ரே, அதாவது கோந்திசியோனெல் முடிவு, ஆகாது என்று பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். பிரெஞ்சில் ரம்பமும் ஸி, திருக்கை மீனும் ரே; ஒலியை வைத்துப் பார்த்தால் ரம்பத்துக்குத் திருக்கை மீன் பிடிக்காது என்றும் அது கேட்கும். ‘வருவாரா என்று தெரியவில்லை’ என்பதில் வரும் ஸி மட்டும் விலக்கு. அது ‘ஆல்’ அல்ல, வினா ‘ஆ’.

‘நேரம் இருந்தால் வருவோம்’ என்பதற்குப் பிரெஞ்சில் இரண்டு வாக்கியம் உண்டு. நேரம் கிடைக்க வாய்ப்பிருந்தால், ‘ஸி நூஸாவோன் ல தான், நூ வியாந்த்ரோன்’. நேரமே இல்லை என்று தெரிந்து சொன்னால், ‘ஸி நூஸாவியோன் ல தான், நூ வியாந்த்ரியோன்’. தமிழ் வாக்கியத்தை மட்டும் பார்த்து எதுவென்று முடிவு செய்ய முடியாது. எழுதியவரைக் கேட்டுவிடுவதே நல்லது.

எதிர்த்திசையில், செய்தி மொழிபெயர்ப்பில், ஸியே இல்லாமல் வரும் கோந்திசியோனெல்தான் ஆளைக் கவிழ்க்கும். ‘ல மினிஸ்த்ர் ஓரே தெமிஸியோனே’ என்பதை ‘அமைச்சர் ராஜினாமா செய்திருப்பார்’ என்று எழுதிவிட்டு, எந்த நிபந்தனையில் என்று தேடுவார்கள். நிபந்தனை எதுவும் கிடையாது. செய்தி உறுதியாகவில்லை, அவ்வளவுதான். இதற்குத் தமிழில் தயாராக ஒரு விகுதி இருக்கிறது: ‘செய்துவிட்டாராம்’. நாளிதழ் நடைக்கு ‘செய்துவிட்டதாகத் தகவல்’. ‘செய்துவிட்டார்’ என்று போட்டால், பிரெஞ்சு நிருபர் ஏற்காத பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.