சதவீத உயர்வு, குறைவு: கீழே எந்த எண் வரும்?

ரிசல்ட் வந்துவிட்டது, தேர்ச்சிப் பட்டியலில் என் எண்ணும் இருக்கிறது. கணக்குக்கு எப்படிப் படித்தீர்கள் என்று பலர் கேட்பதால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். எல்லாப் பாடமும் இல்லை, சதவீதம் மட்டும். அதிலும் ஒரு மதிப்பு இன்னொன்றாக மாறும்போது எத்தனை சதவீதம் கூடியது, எத்தனை குறைந்தது என்பது மட்டும். லாப நட்டம், கூட்டு வட்டி, மக்கள்தொகை, தரவு அட்டவணை எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

சூத்திரம் எல்லாருக்கும் தெரியும். வித்தியாசத்தைப் பழைய மதிப்பால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். மார்க் போவது பகுதியில், அதாவது பின்னத்தின் கீழே, எந்த எண்ணை வைக்கிறோம் என்ற இடத்தில்தான். 80 என்பது 100 ஆனால் 25% உயர்வு. அந்த 100 மறுபடி 80 ஆனால் 20% குறைவு. இரண்டிலும் வித்தியாசம் 20தான், கீழே இருக்கும் எண்தான் மாறுகிறது.

அதனால் நான் வைத்துக்கொண்ட பழக்கம் ஒன்றே ஒன்று: கணக்கைத் தொடும் முன்பே ‘எதிலிருந்து?’ என்று கேட்டு, அந்த எண்ணை ரஃப் தாளில் எழுதி வட்டம் போட்டுவிடுவது. என்ன அவசரமானாலும் இதை விட்டதில்லை. என் மார்க்கில் பெரும்பங்கு இந்த வட்டத்துக்குத்தான் என்று உறுதியாகச் சொல்வேன். ‘எதைவிட அதிகம், எதைவிடக் குறைவு’ என்று வினாவில் வருகிறதோ, அதுதான் வட்டத்துக்குள் போக வேண்டும்.

அடிப்படை எண்ணையே மறைத்து வைத்துக் கேட்கும் வினாவில் இதன் அருமை தெரியும்.

‘ஓர் எண் 20% உயர்ந்து 540 ஆனது. முதலில் எவ்வளவு?’

விடைகளில் 432 கண்டிப்பாக இருக்கும். 540-இல் 20% எடுத்துக் கழிப்பவர்களுக்காகவே வைத்தது அது. ஆனால் அந்த 20% பழைய எண்ணில் கணக்கிட்டது, 540-இல் இல்லை. வட்டத்துக்குள் எண் இல்லை, கேள்விக்குறிதான் இருக்கிறது. அப்படியானால் 540 என்பது அதன் 120%. ஆறால் வகுத்தால் 90, அது 20%. ஐந்தால் பெருக்கினால் 450. சரி, முடிந்தது.

அடுத்தது பெருக்கும் எண், அதாவது பழைய மதிப்பை எதால் பெருக்கினால் புதிய மதிப்பு வரும் என்பது. 20% உயர்வு என்றால் 1.2, 20% குறைவு என்றால் 0.8. இரண்டும் அடுத்தடுத்து நடந்தால் 1.2 × 0.8 = 0.96, அதாவது மொத்தத்தில் 4% குறைவு. முதலில் குறைந்து பிறகு உயர்ந்தாலும் அதே 0.96தான். தொடர் மாற்றத்துக்கு ஒரு ஷார்ட்கட் சூத்திரம் உண்டு: இரண்டு சதவீதங்களையும் கூட்டி, அவற்றின் பெருக்கலை 100-ஆல் வகுத்துச் சேர்ப்பது. 10, 20 இரண்டும் உயர்வு என்றால் 32%. அது சரியான சூத்திரம்தான், ஆனால் குறைவு வந்தால் கழித்தல் குறியைக் கவனிக்க வேண்டும், மூன்றாவது மாற்றம் வந்தால் இன்னொரு முறை போட வேண்டும். எனக்கு மனப்பாடம் ஒத்துவராது. பெருக்கிப் பார்த்தால் மூன்று முறை 10% உயர்ந்தாலும் 1.331, உடனே 33.1% வந்துவிடுகிறது. ஷார்ட்கட்டில் வேகமானவர்கள் அதையே தொடருங்கள்.

பின்னமாகத் தெரிந்திருக்க வேண்டியவை:

- 12.5% = 1/8
- 16⅔% = 1/6
- 20% = 1/5
- 25% = 1/4
- 33⅓% = 1/3

இதை வைத்துத் திரும்பி வரும் கணக்கு எளிது. 1/4 பங்கு உயர்ந்தது பழைய நிலைக்கு வர 1/5 குறைய வேண்டும். 1/5 உயர்ந்தால் 1/6. பகுதியில் ஒன்று கூடும், அவ்வளவுதான். விலை 25% ஏறியும் செலவு மாறாமல் இருக்க உபயோகம் 20% குறைய வேண்டும் என்பதும் இதே கணக்கு.

தரவு அட்டவணையில் ‘அதிக சதவீத வளர்ச்சி எது?’ என்று கேட்டால் பெரிய வித்தியாசத்தைப் பார்த்து ஓடாதீர்கள். 480-இலிருந்து 552 என்றால் 72 கூடியிருக்கிறது, ஆனால் 15%தான். 350-இலிருந்து 406 என்றால் 56தான் கூடியது, வளர்ச்சி 16%.

அப்புறம் சில:

- இரு மடங்கு ஆவது 100% உயர்வு, மூன்று மடங்கு 200% உயர்வு. 300 இல்லை.
- நீளம் 10% கூடி அகலம் 10% குறைந்தால் செவ்வகத்தின் பரப்பு 1% குறையும்.
- தேர்ச்சி விகிதம் 40%-இலிருந்து 50% ஆனால் 10 சதவீதப் புள்ளிகள் உயர்வு. ஆனால் சதவீத உயர்வு 25.

சரிபார்க்கப் பேனாகூட வேண்டாம். 640 என்பது 736 ஆனது, விடை 15% என்று குறித்திருக்கிறீர்கள். 640-இல் 10% 64, 5% 32, இரண்டும் சேர்ந்து 96. கூட்டினால் 736 வருகிறது. நேரம் இருந்தால் எல்லா வினாவுக்கும் இதைச் செய்யுங்கள், இல்லையென்றால் பழைய மதிப்பைக் கேட்கும் வினாக்களுக்கு மட்டுமாவது.